கொக்கு வண்டிக் குடும்பம்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். குளியலறையில் வழுக்கி விழுந்து அண்ணி கையை முறித்துக்கொண்டார்களே, கட்டுப் பிரித்துவிட்டார்களா? போனில் கேட்டால் "ம், தேவலை" என்பதற்கு மேல் அவர்கள் வாயைத் திறப்பதில்லை. உனக்கோ போன் என்றாலே ஆகாது. ஹாஸ்டல் காலத்திலிருந்து நமக்குக் கடிதம்தான் சரிப்பட்டு வந்திருக்கிறது.

சங்கதி இதுதான். நீ சொன்னாய் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய கொக்கு மார்க் கார் நேற்று நடுவழியில் நின்றுவிட்டது. மாட்டுப் பண்ணைக்குத் தடுப்பூசி போடப் போய்க்கொண்டிருந்தேன். நேர் சாலை, மெதுவாகத்தான் போனேன். முக்கல் முனகல் எதுவும் இல்லை, விளக்கை அணைத்த மாதிரி என்ஜின் அணைந்தது. உருட்டி ஓரம் கட்டினேன். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பியது. சர்வீஸ் சென்டரில் அரை நாள் வைத்திருந்து, பழுது எதுவும் இல்லை என்று கழுவிக் கொடுத்தார்கள்.

உங்கள் மாப்பிள்ளைக்குக் கொண்டாட்டம். தன் கேடயம் மார்க் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "கொக்குன்னா பறவைதானே, களைச்சா உக்காரத்தான் செய்யும்" என்கிறார். வெளியே சிரித்தாலும் எனக்கு உள்ளே எரிகிறது. உன் வண்டியும் என் வண்டியும் ஒரே மாடல்தானே. உன்னுடையது எப்போதாவது இப்படி நின்றிருக்கிறதா? அதை மட்டும் எழுது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

பிப்ரவரி 15

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். உன் கடிதம் வந்தது. அண்ணியின் கை தேறி வருகிறது. நான் நலம்.

கொக்கு வண்டியைப் பற்றி நீயே இப்படி எழுதலாமா? அப்பா வாங்கிய முதல் கொக்கில்தான் பிறந்த உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உன் கல்யாணத்துக்கு ஓடியது இரண்டாவது கொக்கு. நம் வீட்டில் வேறு வண்டி நின்றதே இல்லை. ஊரில் உள்ள கொக்குக்காரர்களை ஒன்றுசேர்த்து நான் சங்கம் நடத்துவது வேலையற்றுப் போயா? மாப்பிள்ளையின் கேடயத்தில் பளபளப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. கதவைச் சாத்தினால் தகர டப்பா சத்தம் வருகிறதே, அதை அவரிடம் கேள்.

நல்ல பங்க்கில் பெட்ரோல் போடு. கனத்த ஷூவோடு ஓட்டாதே. பெடலின் மேல் பாதம் எப்படி இருக்கிறது என்பது தெரியாமல் போய்விடும். ஓட்டுகிறவர் செய்வது சில சமயம் ஓட்டுகிறவருக்கே தெரிவதில்லை.

என் வண்டி நிழலில் சுகமாக நிற்கிறது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.

அண்ணன்

மார்ச் 10

அண்ணனுக்கு,

நலம்தானே? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

வண்டி மறுபடி நின்றது. கன்று போட முடியாமல் ஒரு பசு தவிக்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். பாதி வழியில் என்ஜின் போய்விட்டது. நான் போய்ச் சேருவதற்குள் கன்று போய்விட்டது. பசு பிழைத்தது. பண்ணைக்காரர் எனக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினார். திட்டியிருந்தால் தேவலை.

சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அங்கே ஒரு டை கட்டிய பையன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, "எதுவும் காட்டல மேடம்" என்றான். பிறகு சுவரைக் காட்டினான். அங்கே உன் படம். கண்ணாடிச் சட்டம் போட்டு, 'கொக்கு வண்டிக் குடும்பம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, வெள்ளைக் கோட்டோடு பல் டாக்டராக நீ சிரிக்கிறாய். "உங்க அண்ணன்தானே மேடம்? சாரே குறை சொல்றதில்லையே" என்றான். அந்தப் படத்தை எப்போது கொடுத்தாய்? என்னிடம் சொல்லவே இல்லையே.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன கடிதத்தில் நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நீ பக்கம் பக்கமாக எழுதினாய், அதற்கு மட்டும் பதில் இல்லை. நிழலில் நிற்கிற வண்டி எல்லாமே சுகமாகத்தான் நிற்கும். ஓடும்போது நின்றதா, இல்லையா?

அன்புடன்
தங்கை

ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலையாகத் தலைநகரம் போயிருந்தேன். இனி மாதம் ஒருமுறை போகவேண்டியிருக்கும்.

கன்று விஷயம் கேட்டு வருந்தினேன். சங்கத்தில் இதுவரை யாரும் இப்படி ஒரு புகார் சொல்லவில்லை. வண்டி நன்றாக இருக்கும்போதும் ஓட்டுகிறவரால் தவறு நேரலாம் என்பதை மறுபடியும் சொல்கிறேன். பகலில், பழகிய சாலையில் மட்டும் ஓட்டவும்.

நலம் விழையும்
அண்ணன்

(அடியில் பேனாவால்) தங்கச்சி, நாங்கள் சௌக்கியம். நீ ஜாக்கிரதை. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அண்ணி.

ஏப்ரல் 21

அண்ணனுக்கு,

நான் நலம் என்று எழுத வந்தேன். நெற்றியில் ஒரு வீக்கம் தவிர நலம்.

போன வாரம் குன்றிறக்கத்தில் வரும்போது என்ஜின் நின்றது. நீ சொன்ன மாதிரி பட்டப்பகல், பழகிய சாலை. முன்னால் ஒரு பால் வண்டி போய்க்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். முதல் மிதிக்குக் கொஞ்சம் இறங்கியது, அடுத்ததற்குக் கல்லை மிதிக்கிற மாதிரி இருந்தது. என் காலில் பலமே இல்லாதது போல் ஆகிவிட்டது. ஸ்டியரிங்கும் அப்படியே இறுகிப்போனது. இரண்டு கையாலும் தொங்கி, பள்ளத்துப் பக்கம் போகாமல் மண்மேட்டில் ஏற்றினேன். பால் வண்டிக்காரர் ஓடி வந்துதான் கதவைத் திறந்தார்.

உங்கள் மாப்பிள்ளை இப்போது கிண்டல் செய்வதில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

உன் கடிதம் டைப் அடித்து வந்திருந்தது. எனக்கு நீ எந்தக் காலத்தில் டைப் அடித்து எழுதினாய்? ஏதோ கம்பெனி நோட்டீஸ் மாதிரி இருந்தது. பழைய அண்ணனாக ஒரு பதில் எழுது.

தங்கை

மே 3

தங்கைக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உடனே வண்டி ஓட்டுவதை நிறுத்து. இது என் கட்டளை.

வலது கால் இப்போது எப்படி இருக்கிறது? மரத்துப்போகிறதா? மாடிப்படி ஏறும்போது தடுக்குகிறதா? கையில் பொருள் நழுவுகிறதா? அப்பாவுக்குக் கால் விழ ஆரம்பித்தது எந்த வயதில் என்று உனக்கு நினைவிருக்கிறதா? நல்ல நரம்பு டாக்டராகப் பார்த்துப் பரிசோதனை செய்துகொள். மாப்பிள்ளையிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

அண்ணன்

மே 12

அண்ணனுக்கு,

இந்தத் தடவை நலம் விசாரிக்க மனம் வரவில்லை.

வண்டி நின்று நான் சாகப் பார்த்தேன் என்று எழுதினால், உன் காலைச் சோதித்துப் பார் என்கிறாய். செத்துப்போன அப்பாவின் காலையும் இதற்குள் இழுத்துவிட்டாய். கம்பெனியின் குறையை வாடிக்கையாளரின் உடம்பில் தேடும் வித்தையை உனக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?

உங்கள் தெருவில் இருக்கும் என் சிநேகிதி பல் வலி என்று உன் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். ஜனவரியிலிருந்தே நீ யார் வாயிலும் கை வைப்பதில்லையாம். எல்லாம் ஜூனியர் டாக்டர்தானாம். மாதாமாதம் தலைநகரம் போகிறாய். கொக்குக் கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? சுவரில் உன் படம் தொங்குகிறது. கிளினிக்கை விட்டுவிட்டாய். பதிலை டைப் அடித்து அனுப்புகிறாய். உங்கள் மாப்பிள்ளை இதையெல்லாம் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துச் சொன்னபோது நான் அவரோடு சண்டை போட்டேன். இப்போது அவர் சும்மா இருக்கிறார். நான்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

கம்பெனி உனக்கு என்ன கொடுக்கிறது அண்ணா?

தங்கை

ஜூன் 28

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் அறிய ஆவல். அண்ணனுக்கு நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. போனை எடுத்தால் நீங்கள் தூங்குகிறார் என்கிறீர்கள். எந்நேரமும் தூங்குகிற மனிதனா அவன்? நான் எழுதியது கடுமையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பொய் என்றால் பொய் என்று சொல்லட்டும். நீங்களாவது உண்மையைச் சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் நாத்தனார்

ஜூலை 6

தங்கச்சிக்கு,

நாங்கள் நலம் என்று எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. உன் கடிதத்தை அவர் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சாப்பாடு பாதியாகிவிட்டது.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஆனால் உன்னை வரச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கவில்லை. வா. வருவதை முன்கூட்டிச் சொல்லாதே.

அண்ணி

ஜூலை 19

என்னங்க,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இதைப் போனில் சொல்ல முடியாது. பக்கத்து அறையில் அண்ணன் இருக்கிறான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சண்டைக்குத் தயாராகத்தான் வந்தேன். கதவைத் திறந்தவனைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. பாதியாக இளைத்துவிட்டான். என்னைக் கண்டதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "ரயில்ல வந்தியா? படி ஏறும்போது கால் தடுக்கலியே?" நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக் கார் ஷெட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அவன் கொக்கு உறை போர்த்திக் கிடக்கிறது. முன்பக்கம் ஒரு விளக்கு நொறுங்கியிருக்கிறது. ஜனவரியிலிருந்து அவன் அதைத் தொடவில்லை.

அண்ணி குளியலறையில் விழவில்லை. மேம்பாலத்து இறக்கத்தில் அண்ணன் தூணில் மோதியிருக்கிறான். அதில்தான் அவர்கள் கை முறிந்தது. என்ஜின் நின்றிருக்கிறது, பிரேக் இறங்கவில்லை, ஸ்டியரிங் திரும்பவில்லை. எனக்கு நடந்த அதே கதை. ஆனால் அவன் வண்டியைச் சந்தேகப்படவே இல்லை. தன் காலைச் சந்தேகப்பட்டான். கால் பலமிழந்து ஏதோ தவறாக மிதித்து, தானேதான் என்ஜினை நிறுத்திவிட்டதாக முடிவு கட்டிவிட்டான். என்ஜின் நின்றால் பிரேக் கல்லாகும் என்று அவனுக்குத் தெரியாதா? சங்கத்து மலரில் அவனே எழுதியிருக்கிறான். ஆனால் கொக்கு தானாக நிற்காது என்பதும் அவனுக்கு அதே அளவு தெரியும். அப்பாவுக்குக் கால் விழுந்த வயது இவனுக்கும் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டான்.

அதனால்தான் நோயாளி வாயில் கை வைக்கப் பயந்திருக்கிறான். கையெழுத்து நடுங்கினால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்றுதான் டைப் அடித்திருக்கிறான். தலைநகரத்துக்குப் போனது நரம்பு ஆஸ்பத்திரிக்கு. எல்லாப் பரிசோதனையும் சரியாக வந்திருக்கிறது. சரியாக வந்ததையும் அவன் நம்பவில்லை, டாக்டர்கள் மறைக்கிறார்கள் என்கிறான். என் கடிதத்தில் 'என் காலில் பலமே இல்லாதது போல்' என்று படித்ததும், அதே நோய் எனக்கும் வந்துவிட்டது என்று உடைந்துபோயிருக்கிறான். நான் அதற்கு எழுதிய பதில் உங்களுக்குத் தெரியும்.

இன்று மதியம் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியிலிருந்து பேட்டரிக் கேபிள் போட்டு அந்தக் கொக்கைக் கிளப்பினேன். அண்ணனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றான். அண்ணி, "போய்ட்டு வாங்க, நான் கேக்கறேன்ல" என்றார்கள். ஏறினான். வெயிலில் ஊரைச் சுற்றிச் சுற்றி ஓட்டினேன். எதுவும் நடக்கவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதே மேம்பாலத்தில் மூன்றாவது தடவை ஏறி இறங்கும்போது என்ஜின் செத்தது. நான் எதிர்பார்த்தே இருந்ததால் கை பிரேக்கை இழுத்து ஓரத்தில் நிறுத்திவிட்டேன்.

அவன் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ எதுவும் பண்ணலியே" என்றான்.

"இல்லண்ணா. தானா நின்னுச்சு."

"நான் மிதிச்சுப் பாக்கறேன். எழுந்திரு."

இடம் மாறினோம். பிரேக்கை அடுத்தடுத்து மிதித்தான். கல். வண்டி ஆறட்டும் என்று காத்திருந்து, கிளப்பி மறுபடி மிதித்தான். மெத்தென்று இறங்கியது. என்ஜினை அணைத்தான், மிதித்தான். கிளப்பினான், மிதித்தான். பின்னால் ஹார்ன் அடித்தார்கள், காதிலேயே வாங்கவில்லை. கடைசியில் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, "கால் இல்லடி. என் கால் இல்ல" என்றான். அப்பா போனபோதுகூட அவன் இப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அவனிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வார்த்தை தேடுகிறேன், கிடைக்கவில்லை. நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன். இதையெல்லாம் வைத்து அவனைக் கிண்டல் செய்துவிடாதீர்கள்.

உங்கள் மனைவி

செப்டம்பர் 14

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். இருவரும் சௌக்கியமா? என் கையெழுத்து எப்படி இருக்கிறது, சொல். நேற்று ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினேன். வேர் முழுதாக வந்தது. நோயாளியைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன்.

சங்கக் கூட்டத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். வண்டியில் கோளாறு இருக்கிறது, எல்லோரும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். மருந்துக்கடை அம்மா எழுந்து தன் வண்டியும் நின்றது என்றார். என் பேச்சைக் கேட்டு இத்தனை நாள் தன் ஓட்டுதலைத்தான் குறை நினைத்தாராம். இன்னும் சிலரும் மெல்லக் கை தூக்கினார்கள். ஆனால் மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. செயலாளர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார், "கேடயம் கம்பெனி உங்களுக்கு என்ன குடுக்குது டாக்டர்?" எனக்குக் கோபம் வரவில்லை, உன் ஞாபகம்தான் வந்தது. தலைவர் பதவியை விட்டுவிட்டேன். சுவரிலிருந்து என் படத்தையும் எடுத்துவிட்டார்களாம்.

கம்பெனி மட்டும் சத்தமில்லாமல் ஒரு தாள் அனுப்பியிருக்கிறது. சூடேறினால் செத்துப்போகிற ஒரு சின்ன சென்சாராம், ஆறினால் உயிர் வந்துவிடுமாம். இலவசமாக மாற்றித் தருகிறார்களாம், 'வாடிக்கையாளரின் கூடுதல் திருப்திக்காக'. உன் வண்டிக்கும் மாற்றிக்கொள்.

உன் மே மாதக் கடிதத்தைப் பற்றி நீ இனி பேசவேண்டாம். உன் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அண்ணன்

அக்டோபர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். உன் கையெழுத்து முன்னைவிட மோசமாக இருக்கிறது, பல் டாக்டருக்கு இது போதும்.

சென்சாரை மாற்றிவிட்டார்கள். இதுவரை நிற்கவில்லை. ஆனாலும் இறக்கம் வந்தால் என் கை தானாகக் கை பிரேக்குக்குப் போய்விடுகிறது. ரேடியோவை அணைத்துவிட்டு என்ஜினையே கேட்டுக்கொண்டு போகிறேன். உங்கள் மாப்பிள்ளை தன் கேடயத்தை ஓசைப்படாமல் செக்கப்புக்கு விட்டு வந்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான்" என்றார். யாரைத்தான் நம்புவது என்று இருக்கிறது.

அண்ணி மறுபடி உன் வண்டியில் ஏறினார்களா?

தங்கை

நவம்பர் 23

அன்புத் தங்கைக்கு,

ஆசிகள். இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுக்குத்தான் வேலை அதிகம்.

உன் அண்ணி என் வண்டியில் ஏறவில்லை. "உங்க காலையும் நம்ப மாட்டேன், உங்க கொக்கையும் நம்ப மாட்டேன், நானே ஓட்டக் கத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். ஒரு ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். அங்கே இருப்பதெல்லாம் கேடயம் வண்டி. மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு, சந்தோஷப்படட்டும்.

முதல் பாடத்துக்குத் துணைக்கு வரச் சொன்னாள். பின் சீட்டில் உட்கார்ந்தேன். கேடயத்தில் உட்காருவது இதுதான் முதல் தடவை. கதவைச் சாத்தினால் தகர டப்பா சத்தம் எதுவும் வரவில்லை, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். சொல்லிக் கொடுக்கிறவர் முன் சீட்டில் பக்கத்தில் இருக்க, இவள் ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருக்கிறாள். தெரு தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தோம். சிக்னல் பச்சையானது. வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டு கையாலும் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டேன். என் கால் தானாகத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடிக்கிறான். சொல்லிக் கொடுக்கிறவர் நிதானமாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க சார், வண்டியில ஒண்ணும் இல்ல. அம்மா கிளட்ச்ச சடக்குன்னு விட்டுட்டாங்க."

"நிஜமாவா?" என்றேன்.

உன் அண்ணி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். "ஆமாங்க, நான்தான் விட்டேன். என் கால்தான்" என்றாள். சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினாள்.

நான் கதவுப் பிடியை விட்டேன்.

இங்ஙனம்
உன் அண்ணன்